ஐந்தாவது வண்டியின் பிரேக் பைப்

ஐந்து லாரிகளுக்கு ஐந்து நோட்டுகள் வைத்திருந்தேன்; ஒன்று நிரம்பினால் அதே எண்ணில் அடுத்தது. காக்கி அட்டை போட்ட நீள நோட்டு. முதுகில் வெள்ளைத் துணி ஒட்டி அதன் மேல் வண்டியின் எண். வலப்பக்கம் அன்றைய ஓட்டம்: புறப்படும்போது மீட்டர், திரும்பும்போது மீட்டர், ஊற்றிய டீசல். இடப்பக்கம் பட்டறையில் செய்த வேலை: ஆயில் மாற்றியது, கிரீஸ் அடித்தது, பிரேக் பார்த்தது. எழுபதுகளின் நடுவில், ஆம்பூருக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் தோல் கம்பெனியில் வண்டிப் பிரிவு கிளார்க்காகச் சேர்ந்த நாள் முதல் அந்த நோட்டுகளில் என் கையெழுத்தைத் தவிர வேறு கையெழுத்து விழுந்ததில்லை.

டைரியும் எழுதுவேன். அன்றன்று எழுதுவதில்லை. மறுநாள் காலை, பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் கால் மணி நேரம் உட்கார்ந்து முந்தின நாளை எழுதுவேன். ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் ஆத்திரம் வடிந்து நடந்தது மட்டும் நிற்கும் என்பது என் எண்ணம். இப்போது அந்த டைரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கம்ப்யூட்டர் வந்த வருஷத்துப் பக்கங்களில் ஆத்திரம் அவ்வளவாக வடிந்திருக்கவில்லை.

எண்பதுகளின் கடைசியில் அது வந்தது. பெரிய முதலாளி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகன் மெட்ராஸில் படித்துவிட்டு வந்து கம்பெனியை எடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் அவரைச் சின்னவர் என்போம். ஸ்டோர் ரூமுக்கு அடுத்த அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, ஜன்னலில் குளிர் மெஷினும் மேஜையில் கம்ப்யூட்டரும் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாள் முழுக்கத் தோலோடு புழங்குகிற ஆட்கள் அந்த வாசலில் மட்டும் கோயிலுக்கு வந்தது போல நின்றார்கள். அதை இயக்க வேலூரிலிருந்து ஒரு பெண் தினமும் பஸ்ஸில் வந்து போனாள். டைப்பிங்கும் கம்ப்யூட்டரும் படித்தவள். இருபத்துநாலு இருபத்தைந்து வயது இருக்கும்.

முதலில் சம்பளக் கணக்கு ஏறும் என்று நினைத்தோம். சின்னவர் வண்டிகளை ஏற்றச் சொன்னார். மெட்ராஸில் ஒருவரிடம் சொல்லி அதற்கென்றே புரோகிராம் எழுதி வாங்கியிருந்தார். ஒவ்வொரு வண்டியும் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று தினமும் போட்டால், எதற்கு எப்போது என்ன வேலை செய்ய வேண்டும் என்று வாரா வாரம் சனிக்கிழமை அது ஒரு ஷீட் அடித்துக் கொடுக்கும். செய்த வேலையை, செய்தவர் பெயரோடு திரும்ப அதில் போட வேண்டும். என்ன பாகம் மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்பதும் அதில் போக வேண்டும்.

என் நோட்டுகள் எல்லாம் அந்த அறைக்குப் போயின. கடைசி மூன்று வருஷத்தை அந்தப் பெண் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து படித்துச் சொன்னேன். பதினேழு நாள் ஆனது. அந்தப் பதினேழு நாளும் எனக்கு ஒரே சந்தேகம்தான். நோட்டில் இருப்பதெல்லாம் இதற்குள் போன பிறகு, நோட்டு எழுதுகிற ஆள் எதற்கு? அந்தப் பெண் நான் சொல்வதை மட்டும் தட்டுகிறாளா, என்னைப் பற்றியும் ஏதாவது தட்டுகிறாளா? பச்சை எழுத்துகளை எட்டி எட்டிப் பார்த்தேன். அவளுக்கு அது புரிந்திருக்க வேண்டும். ஒரு நாள் திரையை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "சார், இதுக்குன்னு தனியா புத்தி ஒண்ணும் கிடையாது. நீங்க போட்டதத்தான் வரிசையா திருப்பிச் சொல்லும்" என்றாள்.

அவள் சொன்ன 'வரிசையா' என்பதற்கு எவ்வளவு அர்த்தம் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

வண்டிகளைப் புரோகிராம் இரண்டு கூட்டமாகப் பிரித்திருந்தது. பிரித்துக் கொடுத்தவன் நான்தான். முதல் நாலு வண்டிகள் பச்சைத்தோல் ஏற்றுபவை. சந்தையில் உப்புப் போட்டு அடுக்கிய தோலை வாங்கி வரும். உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாக ஒழுகி அடியில் இருக்கிற இரும்பையெல்லாம் தின்னும். அதனால் அவற்றுக்குப் பிரேக் ஆயில் போகிற பைப்புகளை அடிக்கடி மாற்ற வேண்டும். ஐந்தாவது வண்டி சுத்த வண்டி. பதப்படுத்தி முடித்த தோலை மெட்ராஸ் துறைமுகத்துக்குக் கொண்டு போகும். அதில் உப்பே படக்கூடாது. ஒரு சொட்டு பட்டாலும் முடிந்த தோலில் கறை விழும். அதன் அடியில் துருவுக்கு வேலையில்லை.

பட்டறை மேஸ்திரி மாதனூர் பக்கத்து ஆள். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். கம்பெனியில் எனக்கு முன்னாலிருந்தே இருப்பவர். கம்ப்யூட்டர் அறைக்கு அவரைக் கூப்பிட்டுச் சின்னவர் எல்லாவற்றையும் விளக்கியபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது என்னிடம் கேட்டார்: "இன்னா சார், எனக்கு ஜுரம் வந்தாலும் ஷீட்டு அடிச்சிக் குடுக்குமா?"

"உங்களுக்குக் கிலோமீட்டர் இல்லையே மேஸ்திரி" என்றேன்.

"அதான் பாத்தேன். எங்கனா மீட்டர மாட்டிடப் போறாங்க."

மூன்று மாதம் நான் என் நோட்டையும் விடாமல் எழுதினேன். சனிக்கிழமை ஷீட் வந்ததும் நோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன். அது தவறு செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. செய்யவில்லை. டைரியில் ஒவ்வொரு சனிக்கிழமையும் "சரியாக உள்ளது" என்று ஒரு வரி இருக்கிறது. எழுதிய பேனாவின் அழுத்தத்தைப் பார்த்தால் சந்தோஷமாக எழுதியது போலத் தெரியவில்லை.

நாலாவது மாதம் சின்னவர் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக உள்ள நீளக் காகிதம் விரித்திருந்தது. ஐந்தாவது வண்டியின் பழைய வேலைகளை மட்டும் அந்தப் பெண் வரிசையாக அடித்துக் கொடுத்திருந்தாள். ஒரு வருஷத்தில் மூன்று முறை பிரேக் பைப். அதற்கு முந்தின வருஷம் இரண்டு முறை. அதற்கு முன்பு மறுபடியும் மூன்று. பச்சைத்தோல் வண்டிகளுக்குச் சமமாகப் போயிருந்தது. காரணம் என்று நான் எழுதியிருந்தவை: கல் பட்டு நசுங்கியது. மரை போனது. கல் பட்டது. வெடிப்பு. மரை.

அத்தனையும் என் கையால் எழுதியவைதான். ஆனால் நோட்டில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடையே முப்பது நாற்பது பக்கம் இருந்தது. அவை ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. இங்கே ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன.

சின்னவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. "சுத்த வண்டிக்கு இத்தினி பைப்பு எதுக்கு? ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணே ஜாஸ்தி" என்றார். அதே வண்டிக்கு லிட்டர் டீசலுக்குக் கிடைக்க வேண்டிய கிலோமீட்டரும் கிடைக்கவில்லை என்று பென்சிலால் வட்டம் போட்டிருந்தார். பாகமும் டீசலும் வெளியே போகின்றன என்பது அவர் முடிவு. மேஸ்திரியும் அந்த வண்டி டிரைவரும் கூட்டு. இந்த மாதம் முடிகிற வரை என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்ததை எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு மேஸ்திரியை அனுப்பிவிடுவதாகச் சொன்னார். அதுவரை ஷீட்டில் வராத எந்தப் பாகத்தையும் ஸ்டோரிலிருந்து கொடுக்கக் கூடாது என்றும் உத்தரவு.

அனுப்புவது என்றால் என்ன என்று அந்தப் பக்கத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ஆம்பூரில் ஒரு கம்பெனி திருடன் என்று ஒருவனை வெளியே விட்டால் பேரணாம்பட்டு முதல் வாணியம்பாடி வரை எந்தக் கேட்டும் அவனுக்குத் திறக்காது. மேஸ்திரிக்கு நிலம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. ஐம்பது வயதில் அவர் எந்தப் பட்டறையில் போய் நிற்பார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசித்ததாக டைரியில் இல்லை. இத்தனை வருஷம் கல் என்றும் மரை என்றும் சொல்லி என் கையாலேயே பொய்யை எழுத வைத்திருக்கிறார் என்பதுதான் பக்கம் பக்கமாக இருக்கிறது.

ஆகவே பார்த்தேன். எனக்கு அது கைவந்த வேலையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் எத்தனை மணிக்கு வந்தார், மதியம் யாரோடு உட்கார்ந்தார், சாயந்திரம் போகும்போது பையில் என்ன கனம், ஸ்டோர்க்காரரோடு என்ன பேச்சு, எல்லாம் குறித்தேன். பையில் தூக்குச்சட்டி இருந்தது. ஒரு நாள் முருங்கைக்காய் இருந்தது. டிரைவரையும் பார்த்தேன். அவர் மேல்விஷாரத்துக்காரர், பாய் என்று கூப்பிடுவோம். தாடியை ஒதுக்கிக்கொண்டு வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார். நான் பக்கத்தில் போனால் பேப்பரை மடிப்பார். அதையும் எழுதினேன்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை மேஸ்திரி என் மேஜைக்கு வந்தார்.

"அஞ்சாம் நம்பருக்கு பின்னாடி போற பிரேக் பைப்பு ஒண்ணு வேணும் சார்."

"ஷீட்ல வரலையே."

"ஷீட்டு வண்டி அடியில படுத்துப் பாத்துச்சா?"

"இந்தத் தடவை இன்னா மேஸ்திரி? கல்லா, மரையா?" என்றேன்.

அவர் கைத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். போய்விட்டார். அவரை மடக்கிவிட்டேன் என்று அன்று எனக்குத் திருப்தி.

வாரத்தில் ஆறு நாளும் பார்த்தாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை. மீதி இருந்தது வெள்ளிக்கிழமை. அந்தப் பக்கத்துக் கம்பெனிகள் பலவற்றைப் போல எங்களுக்கும் வெள்ளிதான் வார விடுமுறை. நான் வியாழக்கிழமை சாயந்திரம் குடியாத்தத்தில் இருக்கும் வீட்டுக்குப் போனால் சனிக்கிழமை காலையில்தான் கம்பெனியைப் பார்ப்பேன். வெள்ளியன்று பச்சைத்தோல் வண்டிகள் நாலும் வெளியூர்ச் சந்தைகளில் இருக்கும். ஷெட்டில் நிற்பது ஐந்தாவது வண்டி மட்டும்தான். பொருள் வெளியே போவதென்றால் வேறு எந்த நாளில் போகும்?

அந்த வாரத்து வெள்ளிக்கிழமையே, வீட்டில் வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மாதனூர் வழிப் பஸ்ஸில் வந்தேன். கம்பெனி கேட்டுக்கு எதிரில் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை உண்டு. அதன் உள்பெஞ்சில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது என்று நான் நம்பிய மூலையில், பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். ஜும்மா தொழுகை முடிந்து ஆட்கள் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாகத் தெருவில் கலைந்தார்கள். இரண்டே கால் மணிக்குக் கேட் திறந்தது. ஐந்தாவது வண்டி வெளியே வந்தது. பாய் ஓட்டினார். பக்கத்து சீட்டில் மேஸ்திரி. வண்டி பேரணாம்பட்டு ரோட்டில் திரும்பியது. வாச்மேன் கேட்டைச் சாத்தினான். யாரும் எதையும் எழுதவில்லை.

பேப்பர் ஓரத்தில் மணியைக் காகிதம் கிழிகிற அளவுக்கு அழுத்தி எழுதினேன். கோபம் என்று அன்று நினைத்தேன். கிடைத்துவிட்டது என்கிற சந்தோஷமும் அதில் இருந்தது.

பத்து நிமிஷம் குறைய ஆறு மணிக்கு வண்டி திரும்பி வந்தது. வெளிச்சம் நன்றாகவே இருந்தது. கால் மணி நேரம் கழித்து நானும் உள்ளே நுழைந்தேன். வாச்மேன் என்னைப் பார்த்துச் சலாம் வைத்தான். திடுக்கிடவில்லை. அப்போதே எனக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும்.

ஷெட்டுக்குள் போனபோது வாடைதான் முதலில் வந்தது. உப்புப் போட்ட ஆட்டுத்தோலின் வாடை. பதினாலு வருஷமாக அதை மூச்சில் வாங்கியவன். எனக்கு அதில் தப்பு வராது. சுத்த வண்டியின் பலகைகள் ஈரமாக இருந்தன. பாய் பக்கெட்டால் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார். தார்ப்பாயும் கோணிகளும் ஒரு பக்கம் உலர்த்தியிருந்தன. மேஸ்திரி வண்டிக்கு அடியில் படுத்து மீட்டர் கேபிளைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சார்" என்று அடியிலிருந்தே சொன்னார். "நாலு டீ குடிச்சீங்களாமே. வயிறு இன்னாத்துக்கு ஆவும்?"

எத்தனை நாளாக இந்த ஓட்டம் என்று கேட்டேன். அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு பாயைப் பார்த்தார். சொல்லலாமா என்று இருவரும் கண்ணாலேயே பேசிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. கதை ஜோடிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

பாய்தான் சொன்னார். பன்னிரண்டு வருஷமாக. பேரணாம்பட்டு, குடியாத்தம், பள்ளிகொண்டா என்று சுற்றிக் கறிக்கடைக்காரர்கள் சிலர் வெள்ளிக்கிழமை வெட்டுகிற ஆடுகளின் தோலை ஓர் அனாதைப் பிள்ளைகள் விடுதிக்குத் தானமாக விட்டுவிடுவார்கள். தோல் கெட்டுப் போவதற்குள் உப்புப் போட்டு எடுத்து வந்து மண்டியில் விற்க விடுதியில் வண்டி இல்லை. பெரிய முதலாளி இவர்கள் இருவரையும் கூப்பிட்டு ஜும்மாவுக்குப் பிறகு போகச் சொன்னார். ஓட்டத்தை எழுதுகிற டிரிப் ஷீட் கூடாது. மீட்டரில் ஏறக் கூடாது. வீட்டில்கூடச் சொல்லக் கூடாது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பது அவர் கட்டளை. அதனால் ஒவ்வொரு வெள்ளியும் மேஸ்திரி கேபிளைக் கழற்றி, திரும்பி வந்ததும் மாட்டினார்.

குடியாத்தம் என்றதும் எனக்கு முகம் சுருங்கியது. நான் வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே சாப்பிட்டுப் படுத்திருக்கும் நேரத்தில் இந்த வண்டி எங்கள் கடைத்தெரு வழியாகப் பன்னிரண்டு வருஷம் போயிருக்கிறது.

"எழுதினா இன்னா குறைஞ்சிடும்?" என்று கேட்டேன்.

"எழுதினா கம்பெனி செஞ்சது ஆயிடும் சார்" என்றார் பாய். "எழுதலன்னாதான் அவரு செஞ்சது."

"அவர் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. வண்டி இப்ப யாருது?"

பாய் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு மேஸ்திரி, "நிறுத்துன்னு அவரு சொல்லலையே" என்றார்.

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இன்றும் போதவில்லை. சின்னவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்; கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்திருக்கிறார்கள். பயம் இருந்த இடத்தில் களவும் கொஞ்சம் இருக்கும் என்பது என் கணக்கு. இந்தக் கதையே நல்ல கதை. இறந்தவரைச் சாட்சிக்குக் கூப்பிடுகிற கதை. அனாதைப் பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள். இதைவிட நல்ல கதையை நானே கட்டியிருக்க முடியாது.

மேஸ்திரி என் முகத்தைப் படித்திருக்க வேண்டும். டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் வரச் சொன்னார். சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். மேலே பலகை பளிச்சென்று கழுவியிருந்தது. கீழே, கழுவிய தண்ணீரெல்லாம் வடிந்த இடத்தில், இரும்பு துருவேறி உப்பி ஏடு ஏடாக நின்றது. பின் சக்கரத்துக்குப் போகிற பைப்பின் மேல் விரலை வைக்கச் சொன்னார். வைத்தேன். விரல் நுனியில் பிரேக் ஆயில்.

"உப்புன்னு முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"சுத்த வண்டிக்கு ஏது உப்புன்னு கேப்பீங்க. கேட்டா விடுவீங்களா?" என்றார். "நாளைக்கு இதுல மெட்ராஸ் லோடு. பைப்பு தர்றீங்களா, இல்ல ஷீட்டு வர்ற வரைக்கும் போவட்டுமா?"

புதன்கிழமை அவர் கேட்டபோது நான் கேலி செய்தது நினைவுக்கு வந்தது. வியாழக்கிழமை அந்த வண்டி ராணிப்பேட்டை வரை போய் வந்திருந்தது.

கிளம்பும்போது மேஸ்திரி ஒன்று சொன்னார். "என்னப் பத்தி இன்னா வேணா எழுதிக் குடுங்க. வெள்ளிக்கிழமைய மட்டும் எழுதாதீங்க." பாய்க்கு அது பிடிக்கவில்லை. திருடன் என்று பெயர் வாங்கிக்கொண்டு போய்விட்டால் நாளைக்கு இந்த வண்டி அடியில் எவன் படுப்பான் என்று அவரைத் திட்டினார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு போய் பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை ஏழு மணிக்கே ஆபீஸைத் திறந்தேன். ஐந்தாம் வண்டியின் நோட்டுகளைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் புரட்டினேன். இவர்களை நம்ப வேண்டியதில்லை; என் எழுத்தைக் கேட்கலாம். டீசல் பத்தியை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். சனிக்கிழமை ஊற்றும் டீசல் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகம். வாரத்தில் மற்ற நாள்களில் வண்டி லிட்டருக்குக் கொடுத்த கிலோமீட்டரை வைத்துக் கணக்கிட்டால் மீதிக்கு எண்பது எண்பத்தைந்து கிலோமீட்டர் வருகிறது. முந்தின வாரமும் அதே. முந்தின வருஷமும் அதே. வண்டி இன்ஜின் வேலைக்காக நின்ற வாரங்களில் மட்டும் இல்லை. பின்னால் போகப் போக, பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமையில் அது தொடங்கியது. அதற்கு முந்தின சனிக்கிழமைகளில் இல்லை. குறிப்புப் பத்தியில் அங்கங்கே "இன்ஜின் வயது காரணமாக" என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தேன். எவரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை.

வண்டியை நிறுத்திவைக்கச் சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். பைப்புக்குச் சீட்டு வேண்டும் என்றேன். அந்தப் பெண் காரணம் கேட்டாள். கல் என்றே சொல்லியிருக்கலாம். மேஸ்திரி கேட்டுக்கொண்டதும் அதுதான். ஆனால் இன்னொரு கல்லைப் போட்டால் அந்த வரிசையின் அடியில் அதுவும் போய் நிற்கும். மாதக் கடைசியில் அவரை அனுப்ப அது ஒன்றே போதும். தெரிந்தே பொய்யை என் கையால் போடவும் வரவில்லை.

"உப்பு" என்றேன்.

தட்டினாள். கம்ப்யூட்டர் ஒரு சத்தம் போட்டது.

"எடுக்க மாட்டேங்குது சார். சுத்த வண்டிக்கு உப்புங்கிற காரணமே கிடையாது. வண்டியவே உப்பு வண்டின்னு மாத்தணும். அதுக்கு சின்னவர் கையெழுத்து வேணும்."

நான் பிரித்துக் கொடுத்த பிரிவுதான் அது. அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு சின்னவர் அறைக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பார்த்ததை மணி வாரியாகவும், நோட்டில் இருந்ததை வருஷ வாரியாகவும். அவர் பென்சிலை உருட்டிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் பென்சிலைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"எத்தினி பேருக்குத் தெரியும்?"

"பாய், மேஸ்திரி, வாச்மேன். டீக்கடைக்காரருக்கும் தெரியும்னு நினைக்கிறேன்."

"எங்கிட்ட மட்டும்தான் அப்பா சொல்லலையா?"

"என்கிட்டயும் சொல்லல" என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. காகிதத்தை இழுத்து, ஐந்தாம் வண்டியை உப்பு வண்டியாக மாற்றலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேஸ்திரியைப் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது. அவரை அனுப்புகிற எண்ணம் இல்லை என்று சொன்னார். வெள்ளிக்கிழமை ஓட்டத்தையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் இனி எழுதித்தான் போக வேண்டும். கேபிளைக் கழற்றக் கூடாது. டிரிப் ஷீட் வேண்டும். "தெரியாம வண்டி போச்சுன்னா பிரேக்கு போனதும் தெரியாது" என்றார். அதில் எனக்கு மறுக்க ஒன்றும் இருக்கவில்லை. அப்பா மேலிருந்த வருத்தத்தைத்தான் அந்த உத்தரவில் தீர்த்துக்கொண்டாரோ என்றும் ஒரு சந்தேகம் இருந்தது. டைரியில் கேள்விக்குறி போட்டு எழுதியிருக்கிறேன்.

பைப்பை நானே ஸ்டோரிலிருந்து வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். மேஸ்திரி கையில் வாங்கினார். பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். உங்க வேலைக்கு ஒண்ணும் இல்ல."

"நான் அதக் கேக்கல" என்றார்.

அடியில் போய்ப் படுத்து மாட்டினார். வண்டி இரண்டு மணி நேரம் தாமதமாக மெட்ராஸுக்குப் புறப்பட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை பாய் ஒரு கிளீனரை அழைத்துக்கொண்டு போனார். மேஸ்திரி போகவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் போகவில்லை. ஏன் என்று பாயைக் கேட்டேன். உடம்பு சரியில்லையாம் என்றார். சனிக்கிழமை பார்த்தால் மேஸ்திரி உடம்பு நன்றாகவே இருந்தது. பிறகு யாரும் கேட்கவில்லை. ஐந்தாம் வண்டிக்கு உப்பு வண்டிக்குரிய வேலைகள் எல்லாம் ஷீட்டில் நேரத்துக்கு வந்தன. அவரும் நேரத்துக்குச் செய்தார். காரணப் பத்தியில் உப்பு, உப்பு, உப்பு என்று விழுந்தது. வரிசையாக அடித்துப் பார்த்தாலும் அதில் உறுத்த எதுவும் இல்லை. என்னோடு வேலைப் பேச்சு பேசுவார். கிண்டல் நின்றுவிட்டது.

ஒரு சனிக்கிழமை ஷீட்டில் கையெழுத்துப் போட வந்தவர், போட்டுவிட்டும் நின்றுகொண்டிருந்தார். என்ன மேஸ்திரி என்றேன்.

"நேத்து ஓட்டம் எவ்ளோன்னு போட்டிருக்குது?"

டிரிப் ஷீட்டை எடுத்துப் பார்த்துச் சொன்னேன். "எண்பத்தாறு."

"அவ்ளோதானா?"

"அதிகம்னு நினைச்சீங்களா?"

"இத்தினி வருஷமா நூறுக்கு மேல இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். டிரிப் ஷீட்டை வாங்கி அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மடங்கியிருந்த மூலையை நீவி என் மேஜையில் வைத்தார். அப்புறம் பட்டறைக்குப் போய்விட்டார்.